எபநேசர் அண்ணை விழுங்கிய ஒரு மிடறு

வியாழக்கிழமை மத்தியானம் வேலையிடத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த நேரம், கைபேசியில் அந்தப் படம் வந்தது. ஒரு மெழுகுவர்த்தி, இரண்டு புறாக்கள், நடுவில் கழுத்துப்பட்டி கட்டிய எபநேசர் அண்ணை. கீழே ஒருவர் அனுதாபம் எழுத, அவருக்குக் கீழே இன்னும் பலர் வரிசையாகக் கைகூப்பியிருந்தார்கள். படத்தை அனுப்பியவர் டென்மார்க்கின் இன்னொரு மூலையில், ஸ்கீவ என்ற ஊரில் இருக்கிறவர். அண்ணையை ஒருநாளும் நேரில் கண்டிராதவர். எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, கோபம். 'ஆர் உமக்குச் சொன்னது?' என்று அந்த மனுசனைப் பிடித்துக் கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. கைபேசியை நிறுத்திக் கைப்பையின் அடியில் போட்டுவிட்டு, ஹோர்சன்ஸ் நிலையத்துக்கு நடந்து, பிரெடெரிசியா போகிற ரயிலில் ஏறினேன். வழி முழுக்க அதைத் திறக்கவேயில்லை. ஏன் திறக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் வீட்டு வாசலில் சப்பாத்துகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவ்வளவு சப்பாத்துகளைக் கண்ட பிறகுதான் நம்பினேன். ரூத் அக்கா என்னைக் கண்டதும், "வந்திட்டியோ பிள்ளை? சாப்பிட்டியோ?" என்றார். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு, "காலமை பாணும் சம்பலும் சாப்பிட்டவர். கதிரையில சாஞ்சவர். நான் கோப்பி கொண்டுவந்து பாக்கிறன், போயிட்டார். நோகேல்லை பிள்ளை. ஒண்டும் நோகேல்லை" என்றார். இரண்டு வருடமாக நுரையீரல் வருத்தத்தோடு இருந்த மனிதர். "சாகப் பயமில்லை, குழாய் மாட்டிக் கிடக்கத்தான் பயம்" என்று எங்கள் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். ஒரு குழாயும் மாட்டாமல், தன் கதிரையில், சம்பல் உறைப்பு நாக்கில் இருக்கப் போய்விட்டார். அழுதோம்தான். ஆனால் அழுதுமுடிய எல்லாருக்கும் ஒரு நிம்மதி வந்ததை மறைக்க நான் விரும்பவில்லை.

சபையார் வெளியிடுகிற இந்த நினைவு மலரில், சபைக்கு வராத சைவக்காரியான நான் எழுதுவது ரூத் அக்கா கேட்டதால். என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் சுகந்தி. ஹோர்சன்ஸில் ஒரு சிறிய வைன் இறக்குமதிக் கம்பனியில் நானும் அண்ணையும் நெடுங்காலம் ஒன்றாக வேலை செய்தோம். நான் அலுவலகத்தில் கடிதம் எழுதுகிறவள். அவர் களஞ்சியத்தில் பெட்டி இறக்க வந்து, கடைசியில் கம்பனியின் மூக்காக ஆனவர்.

மூக்கு என்று நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதலாளி பென்ட் ஒரு வாடிக்கையாளருக்கு முன்னால் விலை கூடிய போத்தல் ஒன்றைத் திறந்திருக்கிறார். மூன்று மீற்றர் தள்ளிப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அண்ணை, தனக்குத் தெரிந்த அரைகுறை டேனிஷில், அந்தப் போத்தல் பழுது என்று சொல்லிவிட்டார். பென்டுக்கு முகம் சிவந்துபோனது. மணந்து பார்த்தால், உண்மை. தக்கை பழுதானால் வைனில் ஈரமட்டை மணம், நனைந்த காகிதப் பெட்டியின் மணம், வரும். ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் மழையில் நனைந்த அரிசிச் சாக்குகளோடு வேலை செய்த அண்ணைக்கு அந்த மணம் பழக்கமானது. அன்றிலிருந்து எந்தப் போத்தலையும் அவர் மூக்குக்குக் காட்டாமல் பென்ட் வாங்கியதில்லை. இதில் வேடிக்கை, அண்ணை பெந்தகோஸ்தேக்காரர். ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து ஒரு சொட்டும் குடியாதவர். மணப்பார், வாயில் விட்டுச் சுழற்றுவார், வாளியில் துப்புவார், வாயைத் தண்ணீரால் கொப்பளிப்பார். அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பென்ட் ஒரு போத்தலைத் திறந்து "இது பழுது" என்று சொல்லி நீட்டினாலும், தலையாட்டமாட்டார். தானே மணப்பார். "ஆரும் சொன்னதை நான் சொல்லமாட்டன். என்ர மூக்குச் சொன்னாத்தான் என்ர வாய் சொல்லும்" என்பார். எனக்கு இது பல தடவை எரிச்சலைத் தந்திருக்கிறது. வெளியே மழை என்று நான் சொன்னால்கூட யன்னலடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் குடை எடுப்பார்.

ஊரில் போர் முடிந்த வைகாசி மாதத்துக்கு வருகிறேன். என் தங்கை வனிதா வன்னியில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. எனக்கு அவள், அவளுக்கு நான். தை மாதத்துக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். இங்கே சனம் தெருவில் நின்று அழுதது. நான் வேலைக்குப் போகாமல் வீட்டில், ஒரு பக்கம் தொலைக்காட்சி, மறுபக்கம் தொலைபேசி என்று இருந்தேன். முள்வேலிக்குப் பின்னால் நிற்கிற ஒவ்வொரு பெண்ணின் முகத்திலும் வனிதாவைத் தேடினேன். என் மகள் எனக்குப் பயந்து, தகப்பனோடு மட்டும், அதுவும் டேனிஷில் மட்டும், கதைக்கத் தொடங்கியிருந்தாள்.

அந்தக் கிழமைதான் இத்தாலிப் பயணம் வைத்திருந்தது. மொலிசே என்று ஒரு மாகாணம். பெரிய வைன்காரர் யாரும் எட்டிப் பார்க்காத இடம். மலைச்சரிவுகளில் சின்னச் சின்னத் தோட்டங்கள், வீட்டுக்குக் கீழேயே வைன் அறைகள். பென்ட் மாரிகாலத்திலேயே எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டார். கம்பனியில் இத்தாலி மொழி தெரிந்தவள் நான் ஒருத்திதான். டென்மார்க்குக்கு மணம் முடித்து வருமுன் நாலு வருடம் பலெர்மோவில் வீடுகள் துடைத்தவள். அந்த மொழி நான் தரை துடைத்துப் படித்தது. வரமாட்டேன் என்று பென்டுக்குச் சொல்லிவிட்டேன். மறுநாள் அண்ணை வீட்டுக்கு வந்து நின்றார்.

"வா பிள்ளை. மூண்டு நாள்தானே."

"என்னெண்டு அண்ணை வாறது? நான் இல்லாத நேரம் அவள் போன் எடுத்தா?"

"டிவியைப் பாத்துக்கொண்டு இருந்தா அவள் எடுத்திடுவாளோ?"

எனக்கு வந்த கோபத்தில், "உங்களுக்கு அங்க ஒருத்தரும் இல்லை. அதுதான் லேசாக் கதைக்கிறியள்" என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அந்தச் சொல்லுக்காக வெட்கப்படுகிறேன். அவர் கோபிக்கவில்லை. "ஓம், இல்லைத்தான். அவளுக்கு எந்த நம்பர் மனப்பாடம்?" என்று கேட்டார்.

"இந்த வீட்டு நம்பர் மட்டும்தான்."

"அப்ப ரூத் வந்து இதில இருப்பாள்."

முகாமில் இருந்து எடுக்கிறவர்களுக்கு யாரோ இரங்கித் தருகிற போனில் ஒன்றிரண்டு நிமிடம்தான். குரல் பதிகிற மெசினில் விழுந்தால் அந்த நிமிடம் வீண். கணவர் பகல் முழுக்க இறைச்சித் தொழிற்சாலையில், மகள் பள்ளிக்கூடத்தில். ஆகவே ரூத் அக்கா தினமும் காலை பிரெடெரிசியாவில் ரயிலேறி வந்து, எங்கள் வரவேற்பறையில், கையில் கம்பளி நூலும் பக்கத்தில் பைபிளுமாக, தொலைபேசிக்கு எதிரே உட்கார்ந்திருப்பது என்று முடிவாயிற்று. "கழிப்பறைக்குப் போகேக்கையும் போனைக் கொண்டுதான் போவன்" என்று எனக்கு வாக்குத் தந்தார். நான் போனேன்.

மொலிசேயைப் பற்றி இத்தாலியர்களுக்குள் ஒரு பகிடி இருக்கிறது: அப்படி ஒரு இடமே இல்லையாம். முதல் தோட்டத்துக்காரர், இரண்டு கிழட்டுச் சகோதரர்களில் மூத்தவர், சிரித்துக்கொண்டு இதைச் சொன்னார். நான் அண்ணைக்குத் தமிழில் சொன்னேன். "எங்களுக்கும் அப்பிடி ஒரு இடம் இருக்குது எண்டு சொல்லு" என்றார் அண்ணை. சொன்னேன். அந்த மனிதர் சிரிப்பதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். எல்லாத் தோட்டத்திலும் அண்ணை முதலில் கேட்கச் சொன்னது வைனைப் பற்றி இல்லை. "இஞ்ச எங்க நிண்டா போன் வேலை செய்யும் எண்டு கேள்." எல்லா இடத்திலும் மலை உச்சியைத்தான் காட்டினார்கள். அண்ணை நோகிற முழங்காலோடு, கைபேசியை முன்னால் நீட்டிக்கொண்டு ஏறிப்போவார்.

அந்த முதல் இடத்தில் நான் செய்த கூத்தை எழுதாமல் விட்டால் அண்ணை மேலே இருந்து சிரிப்பார். அதுவரை நான் கடிதம் மட்டும் எழுதியவள். சுவைபார்க்க யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. சகோதரர்கள் எனக்கும் ஊற்றினார்கள். பக்கத்தில் துப்புகிற வாளி இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டுக்குப் போய், அந்த வீட்டுக்காரர் கையால் தந்ததை அவர் முகத்துக்கு முன்னால் துப்புவதா? செத்தாலும் எனக்கு அது வராது. பென்ட் துப்பினார், அண்ணை துப்பினார், நான் மரியாதையாக விழுங்கினேன். பதினொரு கிண்ணம். "துப்பு பிள்ளை, இது விருந்து இல்லை, வேலை" என்று அண்ணை இரண்டு தடவை காதுக்குள் சொன்னார். கடைசியில் நான் ஒரு பீப்பாயைப் பிடித்துக்கொண்டு, மூத்தவரிடம் வனிதாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவள் சின்ன வயதில் பல்லி கண்டு ஓடியது, நான் பின்னிவிட்ட சடை, போன தை மாதம் கடைசியாகக் கேட்ட குரல், எல்லாம். மனிதர் தலையாட்டிக்கொண்டே கேட்டார், ஒரு இடத்தில் கண்ணையும் துடைத்தார். வாகனத்தில் ஏறின பிறகுதான் அண்ணை சொன்னார்: "முழுக்கத் தமிழிலதான் சொன்னனி." எனக்கு வெட்கமாய்ப் போனது. "பரவாயில்லை, விளங்கினது அந்தாளுக்கு" என்றார்.

இரண்டாம் நாள் அவருக்கு என்னவோ செய்தது. காலையில் மலையேறிவிட்டு வந்தவர் அதிகம் கதைக்கவில்லை. இரண்டாவது தோட்டத்தில் ஒரு போத்தலை மணந்து, "நல்லது" என்றார். பென்ட் மணந்துவிட்டு அவரை ஆச்சரியத்தோடு பார்த்தார். தோட்டக்காரரும் மணந்து, முகம் சுழித்து, மன்னிப்புக் கேட்டு அதைக் கொண்டுபோய் ஊற்றினார். ஈரமட்டை மணம் எனக்கே அடித்தது. இத்தனை வருடத்தில் எபநேசர் அண்ணையின் மூக்குத் தவறிய ஒரே போத்தல் அதுதான். "என்ன அண்ணை, மூக்குக்கு வயசு போயிட்டுதோ?" என்று நான் நக்கலடித்தேன். "தடிமன் பிள்ளை, மூக்கடைச்சிருக்கு" என்றார். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் கார்மேலா என்ற பெண்ணின் தோட்டம். அறுபது வயதிருக்கும், மண்வெட்டியும் அவரே, கடிதமும் அவரே. அந்த மலைகளுக்கே உரிய திந்திலியா என்ற கறுத்தத் திராட்சை அவருடையது. முதல் நாள் சகோதரர்களின் தோட்டத்திலேயே அண்ணை அந்தத் திராட்சையின் வைனை மணந்து, "இதில மிளகுரசம் மணக்குது, எழுது பிள்ளை" என்று சொல்லியிருந்தார். கார்மேலா கொடியைக் கட்டுகிற விதத்தைச் சொல்ல, நான் பென்டுக்கு மொழிபெயர்த்துக்கொண்டு நின்றேன். அண்ணை உச்சியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். திடீரென்று மேலே ஒரு சத்தம். பார்த்தால், அண்ணை கொடி வரிசைகளுக்கு நடுவே, ஒரு கையில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழுக்கியும் எழும்பியும் ஓடிவருகிறார்.

"இருக்கிறாள்! பிள்ளை, இருக்கிறாள்!"

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். "ஆர் சொன்னது? ஆர் அண்ணை சொன்னது?"

"அவளே! அவளே சொன்னவள், ரூத்திட்ட! வவுனியா முகாமில. காலில காயமாம், ஆறுதாம்." மூச்சு வாங்கிக்கொண்டு, ரூத் அக்கா எழுதிவைத்து வாசித்ததை ஒரு சொல்லும் மாறாமல் ஒப்புவித்தார்: "அக்காட்டச் சொல்லுங்கோ, நான் இருக்கிறன். இண்டைக்குச் சாப்பிட்டன்."

சாப்பிட்டேன் என்ற அந்தச் சொல்லில்தான் நான் உடைந்தேன். எனக்கு அவளைத் தெரியும். நான் கேட்கப்போகிற முதல் கேள்வி எது என்று அவளுக்கும் தெரியும்.

கார்மேலா என்ன நடந்தது என்று கேட்கிறார்; எனக்கு இத்தாலி மொழி ஒரு சொல்லும் வரவில்லை. அண்ணை பென்டுக்கு டேனிஷில் சொல்ல, பென்ட் கார்மேலாவுக்கு ஆங்கிலத்தில் சொல்ல, அந்த அம்மா உள்ளே ஓடிப்போய்க் கிண்ணங்களோடு வந்தார். சுவைபார்க்க ஊற்றுகிற அளவில்லை, நிரம்ப. அண்ணை வாங்கினார். பழக்கதோஷத்தில் மூக்கை வைத்தார். "மிளகு" என்றார், தடிமன் போன இடம் தெரியவில்லை. வாயில் விட்டார். பென்ட் துப்புகிற வாளியை எடுத்து நீட்டினார். அண்ணையின் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. வாளிக்குள் துப்ப அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் அவரையே பார்த்தோம். அவர் கிண்ணத்தைப் பார்த்தார்.

மறுநாள் ரோம் விமான நிலையத்தில்தான் மிச்சக் கதையைச் சொன்னார். "பிள்ளை, கோபிக்காதை. முந்தநாள் காலமை லண்டனில இருந்து உன்ர சொந்தக்காரர் ஒராள் உன்ர வீட்டுக்கு எடுத்தவர். வனிதா ரீச்சர் கடைசிக் கிழமை செல் விழுந்து செத்துப்போனா எண்டு ரூத்துக்குச் சொன்னவர்."

"உங்களுக்குத் தெரியுமோ? முந்தநாளே தெரியுமோ? என்ர தங்கச்சி அண்ணை! அதை ஒளிக்க நீங்கள் ஆர்?" சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் கண்டனீங்களோ எண்டு ரூத் கேட்டவள். இல்லையாம். ஆரோ சொன்னதாம். கண்டவன் சொல்லியிருந்தா அந்த நிமிசமே உன்னட்ட வந்திருப்பன். காணாதவன் சொன்னதை நான் என்னெண்டு உன்ர காதுக்குள்ள ஊத்திறது?"

"உண்மையா இருந்திருந்தா?"

"உண்மையா இருந்திருந்தா, உன்ர தங்கச்சி உனக்கு இன்னும் ஒருநாள் உயிரோட இருந்திருப்பாள். அதில உனக்கென்ன நட்டம்?"

பழுதான போத்தலை அவர் நல்லதென்று சொன்னது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இன்னொன்றும் சொன்னார். அந்த லண்டன் செய்திக்குப் பிறகு ரூத் அக்கா அழுதுகொண்டு அவரிடம், "நாளைக்கும் போய் இருக்கவோ?" என்று கேட்டிருக்கிறார். "போய் இரு" என்றிருக்கிறார் அண்ணை. செத்துப்போனாள் என்று சொல்லப்பட்டவளின் அழைப்புக்காக ரூத் அக்கா மறுநாளும் விடிய ரயிலேறி வந்து காத்திருந்தார். அவர் வராமல் விட்டிருந்தால் வனிதாவின் அந்த ஒரு நிமிடம் மெசினில் விழுந்திருக்கும். இது தெரிந்த பிறகும் எனக்குக் கோபம் தீரவில்லை. டென்மார்க்கில் பில்லுண்ட் விமான நிலையத்தில் இறங்கும்வரை அவரோடு கதைக்கவில்லை. இறங்கியதும் அவருடைய பையை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அடுத்த ஞாயிறு நன்றி சொல்ல நான் உங்கள் சபைக்கு வந்தது சிலருக்கு நினைவிருக்கும். சாட்சி சொல்லும் நேரத்தில் அண்ணை எழும்பினார். "ஒரு மிடறு விழுங்கிப்போட்டன். சந்தோசத்தில துப்ப மறந்துபோனன்" என்றார். போதகர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "மறந்ததோ அண்ணை, இல்லாட்டி மறந்த மாதிரியோ?" என்றார். "ஐயா, அதை நானே இன்னும் மணந்து பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றார் அண்ணை. சபை முழுக்கச் சிரித்தது. பின்வரிசையில் என் பக்கத்தில் இருந்த ரூத் அக்கா என் காதுக்குள், "இத்தினை வருசம் அந்த மூக்குத்தானே கண்டது. தொண்டையும் ஒருக்காக் காணட்டும்" என்றார். அதற்குப் பிறகு அண்ணை ஒருநாளும் விழுங்கவில்லை.

அடக்கத்தன்று பென்ட் ஒரு திந்திலியாப் போத்தலோடு வந்து, பெந்தகோஸ்தேச் சபை வாசலில் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ரூத் அக்கா போய் வாங்கித் தன் சேலைத் தலைப்புக்குள் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் போத்தல் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

வனிதா இப்போது வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடத்தின் அதிபர். அண்ணையை அவள் நேரில் கண்டதேயில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்பு நாளில், அவரோடு கதைப்பாள். திந்திலியாக் கதையைக் கேட்ட வருடத்திலிருந்து அவருக்கு மிளகு அனுப்புவாள். அந்த வியாழக்கிழமை பிரெடெரிசியாவில் இருந்து திரும்பியும் நான் அவளுக்கு எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைதான் எடுத்தேன்.

"அண்ணை போயிட்டார், வனிதா. நேற்றுக் காலமை."

"நேற்றோ? நேற்றே ஏன் அக்கா சொல்லேல்லை?" என்றாள். அழத் தொடங்கினாள். "நேற்று முழுக்க அவருக்கு மிளகு புடைச்சு, காயவிட்டு, பார்சல் கட்டினனான்."

"அப்ப நேற்று முழுக்க அவர் உனக்கு இருந்தவர்தானே" என்றேன்.

ஹோர்சன்ஸில் இருந்து பிரெடெரிசியாவுக்கு ரயிலில் அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. காணாதவர் அனுப்பிய படத்தைக் கைப்பையின் அடியில் போட்டுவிட்டு, அவ்வளவு நேரமும் அண்ணையை நான் உயிரோடு வைத்திருந்தேன். வனிதாவுக்கு முழுதாய் ஒருநாள் வைத்துக்கொடுத்தேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பிடிவாதம்தான். நான் அதை விடப்போவதில்லை.

போன கிழமை மிளகுப் பார்சல் வந்து சேர்ந்தது. ரூத் அக்காவும் நானும் பாதி பாதியாகப் பிரித்தோம். பிரிக்குமுன் பையைத் திறந்து மூக்கை வைத்து, "நல்ல மிளகு" என்று சொல்லத் தொடங்கினேன். "பொறு" என்றார் ரூத் அக்கா. பையைத் தன் பக்கம் இழுத்து, தானும் மணந்து பார்த்துவிட்டு, "ஓம், நல்ல மிளகுதான்" என்றார்.